யார் சொன்னது? – செஞ்சியின் கதையும் செய்தி என்னும் அமானிதமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…



திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், நம்பகமற்ற ஒருவர் செய்தி கொண்டு வந்தால் அதனைத் தீர விசாரிக்குமாறு ஈமான் கொண்டோருக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் செயற்பட்டால் ஒரு கூட்டத்தாருக்கு அறியாமையால் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்ற காரணத்தையும் அதுவே எடுத்துரைக்கிறது. பனூ முஸ்தலிக் கோத்திரத்தார் ஸகாத் தர மறுத்துவிட்டார்கள் என்று மதீனாவுக்குத் தவறான செய்தி வந்ததையும், அதனால் ஒரு போரே மூண்டிருக்கக்கூடும் என்பதையும் இவ்வசனத்தின் பின்னணியாகத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் குறிப்பிடுகின்றனர். செய்தியைச் சரிபார்ப்பது கற்றவர்களின் பொழுதுபோக்கு அன்று, பிறருடைய உயிரும் மானமும் அதனைச் சார்ந்துள்ளன என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே நமக்கு உணர்த்தப் போதுமானது.

இந்தக் கட்டளையை நாம் ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆயினும், நமக்குப் பிடித்தமான செய்தி, நம் சமுதாயத்துக்குப் பெருமை சேர்க்கும் செய்தி, நம் பாட்டனார் வாயால் கேட்ட செய்தி வரும்போது இக்கட்டளையை நாம் எவ்வாறு நடைமுறைப்படுத்துகிறோம்? அண்மையில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையின் பொருட்டு இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மாணவரின் முயற்சி

திண்டிவனத்தில் நம்மிடம் மக்தப் பருவத்தில் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது விழுப்புரத்தில் கல்லூரியில் வரலாறு பயில்கிறார். செஞ்சிக் கோட்டையைப் பற்றியும், அங்கு 1714-இல் நடந்த போரைப் பற்றியும், ராஜா தேசிங்கின் தோழராகப் புகழ்பெற்ற முஹபத் கானைப் பற்றியும் தமிழ் விக்கிப்பீடியாவில் நல்ல கட்டுரை எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுப்பின் பகுதியாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனி வெளியூர்களிலிருந்து வருவோர் முதலில் கைப்பேசியில் தேடிப் படிப்பது அந்தக் கலைக்களஞ்சியத்தைத்தான். ஆகவே அதில் உள்ளது சரியாக இருக்க வேண்டும் என்று அவர் கவலைப்பட்டது நமக்கு மகிழ்ச்சியளித்தது.

தமிழில் கலைக்களஞ்சியம் என்பது புதிதன்று. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வந்தது. நம் சமுதாயத்துக்கென எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தளித்தார்கள். அவற்றில் எழுதியவர் யார், பதிப்பித்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் நிலை வேறு. அதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். எழுதியவரின் உண்மைப் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை.

ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், அங்கு எழுதுபவர் ‘மஜ்ஹூல்’, அதாவது நிலை அறியப்படாத அறிவிப்பாளர். அறியப்படாதவரின் சொல்லை அவருக்காக ஏற்க இயலாது. அதனால்தான் அந்தக் கலைக்களஞ்சியம் ‘மெய்யறிதன்மை’ என்றொரு விதியை வகுத்துள்ளது. எழுதுபவர் தமக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது. நம்பத்தகுந்த, வெளியிடப்பட்ட ஒரு நூலில் உள்ளதை, அந்நூலைக் காட்டி எழுத வேண்டும். படிப்பவர் விரும்பினால் அதே நூலைத் திறந்து சரிபார்க்க இயல வேண்டும். எழுதுபவர் மறைந்திருப்பதால் பாரம் முழுவதும் ஆதாரத்தின் மீது ஏறுகிறது. ஆதாரத்தை எடைபோடத் தெரியாதவர் அங்கு எழுதுவது, தராசு இல்லாமல் தங்க வியாபாரம் செய்வதைப் போன்றது.

“ஹஜ்ரத், இணையத்தில் ஏறக்குறைய இருபது பக்கங்கள் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே செய்திதான் இருக்கிறது. இருபது பேர் சொன்னால் முத்தவாதிர் மாதிரி ஆகிவிடாதா?” என்று அவர் கேட்டார். மதரஸாவில் கற்ற சொல்லை அவர் மறக்கவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேதான் முதல் பாடமும் இருந்தது.

எண்ணிக்கை ஆதாரமாகுமா?

‘செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை’ என்னும் கருத்துடைய ஹதீஸை அறியாத முஸ்லிம் இல்லை. பிற்காலத்தில் அதனை அறிவித்தோர் ஏராளம். ஆனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் தொடரை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தபோது, எல்லாக் கிளைகளும் யஹ்யா பின் ஸஈத் அல்அன்ஸாரீ என்ற ஒருவரில் வந்து சேர்வதைக் கண்டார்கள். அவருக்கு மேலே முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ, அவருக்கு மேலே அல்கமா பின் வக்காஸ், அவருக்கு மேலே உமர் (ரலி) அவர்கள் என்று ஒற்றைச் சங்கிலியாகவே அது செல்கிறது. ஆகவே தொடக்கத்தில் அது தனி அறிவிப்பே என்று அவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார்கள். அதே சமயம், அச்சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் நம்பத்தகுந்தவர் என்பதால் அது ஸஹீஹ் என்றும் தீர்ப்பளித்தார்கள். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அவர்கள் அளவுகோலாக வைக்கவில்லை. கிளைகள் எங்கே சேர்கின்றன, சேரும் இடத்தில் நிற்பவர் யார் என்பதையே பார்த்தார்கள்.

அந்த இருபது பக்கங்களையும் இவ்வாறே பிரித்துப் பார்க்குமாறு நாம் கூறினோம். அடுத்த வாரம் அவர் அச்செடுத்துக்கொண்டு வந்தார். பல பக்கங்களில் வாக்கியங்கள் மட்டுமன்று, எழுத்துப் பிழைகள்கூட ஒன்றாகவே இருந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப் போட்டிருக்கிறார். இன்னும் சில பக்கங்கள் விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்தவை. அவற்றை விக்கிப்பீடியாவுக்கே ஆதாரமாகக் காட்டினால், ஒருவர் தமக்குத் தாமே சாட்சி சொல்வதாகிவிடும். இருபது என்பது இறுதியில் இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கிற்று.

காலக் கணக்கு என்னும் தராசு

அப்பக்கங்களில் ஒரு செய்தி நம் கவனத்தை ஈர்த்தது. தேசிங்கு இறந்தபின் உடன்கட்டை ஏறிய அவருடைய இளம் மனைவியின் நினைவாக ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் 1771-ஆம் ஆண்டளவில் ராணிப்பேட்டையை நிறுவினார் என்பது அது. தோற்றுப்போன எதிரியின் மனைவியை ஒரு முஸ்லிம் நவாப் இவ்வளவு கண்ணியப்படுத்தினார் என்பதால் நம்மவர்களும் இதனை விரும்பிப் பகிர்கின்றனர்.

ஆனால் சஆதத்துல்லாஹ் கான் 1732-இலேயே இறந்துவிட்டார். இறந்து முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் ஊரை நிறுவ முடியாது. ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது நிறுவியவர் வேறொருவராக இருக்கலாம். எவ்வாறாயினும் அந்த வாக்கியம் இருக்கிறபடியே கலைக்களஞ்சியத்தில் நிற்கத் தகுதியற்றது.

இது போன்ற சோதனை நம் முன்னோர்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாகக் கூறும் பத்திரம் ஒன்று பாக்தாதில் அமைச்சரிடம் கொண்டுவரப்பட்டது. அதில் ஸஹாபாக்களின் சாட்சியமும் இருந்தது. வரலாற்றாசிரியரும் ஹதீஸ் கலை மேதையுமான கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் அதனைக் காட்டினார்கள். அவர்கள் பார்த்துவிட்டு அது போலி என்றார்கள். எவ்வாறு தெரியும் என்று கேட்கப்பட்டபோது அவர்கள் தந்த விளக்கம் மிக எளியது. அதில் முஆவியா (ரலி) அவர்களின் சாட்சியம் உள்ளது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின் ஆண்டில். கைபர் வெற்றியோ அதற்கு முன்னர் ஹிஜ்ரி 7-இல் நிகழ்ந்தது. அதில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் சாட்சியமும் உள்ளது. அவர்களோ அகழ்ப்போருக்குப் பின், கைபருக்கு முன்பே, ஹிஜ்ரி 5-இல் இறந்துவிட்டார்கள்.

பாருங்கள், இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. இறந்த ஆண்டு, பிறந்த ஆண்டு, நிகழ்ந்த ஆண்டு ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுமை மட்டுமே தேவைப்பட்டது. அறிவிப்பாளர்களின் பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும், பயணங்களையும், ஆசிரியர்களையும் பதிவுசெய்வதற்கென்றே பெரும் நூல்களை நம் முன்னோர் எழுதியதன் பயன் இதுதான். ராணிப்பேட்டைச் செய்தியில் செய்ய வேண்டியதும் இந்தக் கூட்டல் கழித்தல் கணக்குத்தான்.

செஞ்சியின் சாட்சிகள்

பின்னர், 1714-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு உண்மையில் யார் யார் சாட்சிகள் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். நிகழ்ச்சியின் சுருக்கம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததே. நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் செஞ்சி முகலாயர் வசமானது. அதன் பின்னர் பந்தேலா ராஜபுத்திரரான ஸ்வரூப் சிங் கோட்டையின் தலைவரானார். 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங், அதாவது நாம் ‘தேசிங்கு’ என்று அழைப்பவர், பொறுப்பேற்றார். நிலுவையிலிருந்த திறையை நவாப் கேட்க, தேசிங்கு மறுக்க, போர் மூண்டு 1714 அக்டோபர் 3 அன்று அவர் களத்தில் வீழ்ந்தார்.

முதல் சாட்சி, ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் இயற்றிய ‘ஸஈத் நாமா’. அது நவாபின் காலத்திலேயே எழுதப்பட்டது. காலத்தால் இவ்வளவு நெருக்கமான சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் அது நவாபின் புகழைப் பாட எழுந்த நூல். ஓர் அறிவிப்பாளர் ஏதேனுமொரு கொள்கையின் பக்கம் மக்களை அழைப்பவராக இருந்து, அவருடைய அறிவிப்பு அந்தக் கொள்கைக்கே வலுச்சேர்ப்பதாகவும் இருந்தால் அதனை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்பது ஹதீஸ் கலையில் நாம் ஓதிக்கொடுக்கும் விதி. அவர் பொய்யர் என்பது இதன் பொருளன்று. எந்த இடத்தில் அவருடைய தராசு சாயக்கூடும் என்று அறிந்துவைத்திருப்பதே நோக்கம்.

இரண்டாவது சாட்சி, செஞ்சியில் வாழ்ந்த நாராயணன் பிள்ளை, மெக்ளியாட் என்னும் ஆங்கில அதிகாரியின் வேண்டுகோளின்படி எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. இது 1800-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. உள்ளூர்க்காரர் என்பதால் ஊரும் ஏரியும் வழியும் அவருக்குத் தெரியும். ஆயினும் நிகழ்ச்சிக்கும் அவருக்கும் இடையே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள். நடுவில் இருந்தவர்கள் யார் என்ற கேள்வி எழுகிறது. ஸஹாபியின் பெயரைக் கூறாமல் தாபிஈ நேரடியாக அறிவிக்கும் ‘முர்ஸல்’ ஹதீஸில் எழும் கேள்வியும் இதுவே.

மூன்றாவது சாட்சி கல். செஞ்சிக் கோட்டையின் கீழ்ப்பகுதியில் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் நிற்கிறது. 1717-18-இல் கட்டப்பட்டது. நவாபின் வெற்றியை நினைவுகூர எழுப்பப்பட்டது என்பதால், அதுவும் வென்றவரின் சாட்சியமே. ஆனால் கல் இடம் மாறுவதில்லை, எவரும் சென்று பார்க்கலாம்.

நான்காவது, நம் எல்லோர் நெஞ்சிலும் இருக்கும் தேசிங்குராஜன் கதைப்பாடல். திருமணக் கோலத்தில் இருந்த முஹபத் கான் நண்பரின் அழைப்பைக் கேட்டு மணப்பந்தலை விட்டுப் போர்க்களத்துக்குப் புறப்பட்டார் என்று அது பாடுகிறது. பெரிய எழுத்துப் புத்தகங்களாகத் திருவிழாக் கடைகளில் விற்று, தெருக்கூத்தாக ஆடப்பட்டு, 1960-இல் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமாகவும் அது மக்களைச் சென்றடைந்தது. நம் மாவட்டத்து மக்கள் தேசிங்கையும் அவருடைய தோழரையும் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. அந்த நாளில் களத்தில் யார் எங்கே நின்றார், என்ன பேசினார் என்பதற்கு இது சான்றாகாது.

ஐந்தாவது, சி.எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு. அவர் 1714-ஐக் கண்டவர் அல்லர். ஆனால் மேற்கூறிய வகைச் சாட்சிகளைச் சேர்த்துவைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதனை எங்கிருந்து எடுத்தேன் என்று அடிக்குறிப்பில் எழுதினார். கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு முதன்மையாகப் பயன்படுவது இத்தகைய நூல்தான். பழைய சாட்சிகளை நாமே படித்து நாமே தீர்ப்புச் சொல்வதை அக்கலைக்களஞ்சியம் ‘சொந்த ஆய்வு’ என்று விலக்குகிறது. ஏன் என்று மாணவர் வினவினார். வைத்தியம் படிக்காதவர் மருந்துச் சீட்டு எழுதலாகாது, வைத்தியர் எழுதியதைப் பிழையின்றிப் படியெடுக்கலாம் என்று விளக்கினோம்.

இன்னொரு சிறு எச்சரிக்கையும் கூறினோம். பழைய நூல்களில் செஞ்சியும் திண்டிவனமும் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்றே இருக்கும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல், அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019-இல். நூல் பிழை செய்யவில்லை, அது தன் காலத்தைப் பேசுகிறது. படிப்பவர்தாம் நூலின் ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பெயர்கள் சொல்லும் உண்மை

இந்தப் பட்டியல் தயாரான அதே நாட்களில், நம் முஹல்லா வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நீண்ட செய்தி வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 1714-ஆம் ஆண்டுப் போர் இரு மதத்தாரிடையே நடந்த புனிதப் போர் என்றும், செஞ்சிப் பள்ளிவாசல் அந்த வெற்றியின் சின்னம் என்றும் அது பெருமிதத்தோடு வருணித்தது. இதே போரை, இதே பள்ளிவாசலை, அதே அடிப்படையில் வெறுப்போடு வருணிக்கும் செய்திகளும் வேறு குழுக்களில் உலவுகின்றன என்று மாணவர் எடுத்துக் காட்டினார். இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இரண்டுக்கும் அடிப்படையான கூற்று ஒன்றே.

அந்தக் கூற்றை எதிர்த்து நாம் எந்த வாதமும் செய்ய வேண்டியதில்லை, சாட்சிகளின் பெயர்களைப் படித்தால் போதும். நவாபின் வெற்றியைப் பாரசீகத்தில் பாடிய ஜஸ்வந்த் ராய் ஓர் இந்து. கதைப்பாடலில் ‘தோன்றமல்லன்’ என்று வரும் நவாபின் தளபதி தோடர்மால் ஓர் இந்து. பாதுகாப்புக்காக வெளியூரில் மறைத்துவைக்கப்பட்டிருந்த காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் உற்சவமூர்த்தியை 1710-இல் திரும்பக் கொண்டுவரத் துணைநின்றவர் என்று அக்கோயிலில் போற்றப்படுபவரும் தோடர்மால் என்னும் பெயருடையவரே. அங்கு அவருக்குச் சிலையும் உண்டு. மறுபக்கத்தில் தேசிங்கோடு நின்று உயிர்நீத்தவராக மக்கள் மூன்று நூற்றாண்டுகளாகப் பாடிவருவது ஒரு முஸ்லிமை. பிணக்கோ திறை நிலுவையைப் பற்றியது. இதில் எந்த இடத்தில் மதப்போர் நிற்கிறது?

சகோதர சகோதரிகளே, இங்குதான் ஹுஜுராத் அத்தியாயத்தின் எச்சரிக்கை நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடுவோம் என்று அல்லாஹ் கூறுகிறானே, அந்தக் கூட்டத்தார் நம் அண்டை வீட்டாராக இருக்கலாம். நாமாகவும் இருக்கலாம். நம் புகழைப் பாடும் பொய்யை நாம் இன்று அனுமதித்தால், நம்மைப் பழிக்கும் பொய்யை நாளை மறுக்க எந்தத் தகுதி நமக்கு இருக்கும்? கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது நூலின் முன்னுரையிலேயே வைத்தார்கள். கேட்டதில் நமக்குப் பிடித்ததும் அடங்கும்.

இதனை நம் அறிஞர்கள் மார்க்க விஷயத்திலேயே செய்து காட்டியுள்ளார்கள். சீனா வரை சென்றேனும் கல்வியைத் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு செய்தி நம் பள்ளிக்கூடச் சுவர்களில்கூட எழுதப்பட்டுள்ளது. கருத்து அழகானது. ஆயினும் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார்கள். அதன் தொடர்கள் பலவீனமானவை என்று பைஹகீ (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டார்கள். கல்வியின் சிறப்பை இஸ்லாம் எவ்வளவு உயர்த்திப் பேசுகிறது என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். நல்ல கருத்து என்பதற்காக அதனை நபி (ஸல்) அவர்களின் பெயரில் ஏற்றக் கூடாது என்பதே அவர்களின் நிலை.

பாட்டனாரின் கேள்வி

மாணவரின் வீட்டில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. அவருடைய நன்னா, அதாவது தாய்வழிப் பாட்டனார், எண்பதைக் கடந்தவர். தங்கள் குடும்பம் முஹபத் கானின் குதிரைப் படையில் இருந்த ஒருவரின் வழியில் வந்தது என்று தம் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்தவர். பேரன் செஞ்சியைப் பற்றி எழுதுகிறான் என்றதும், இது கட்டாயம் இடம்பெறும் என்று உறவினர் அனைவரிடமும் கூறிவிட்டார். கட்டுரையில் அது இல்லை என்று அறிந்ததும் மனம் நொந்து பேசாமல் இருந்துவிட்டார். “நீங்களே வந்து சொல்லுங்கள், ஹஜ்ரத்” என்று மாணவர் அழைத்ததால் விழுப்புரம் சென்று அப்பெரியவரைச் சந்தித்தோம்.

அவர் நம்மைக் கண்ணியமாக அமரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்படீன்னா எங்க அத்தா சொன்னது பொய்யா, ஹஜ்ரத்?”

இந்தக் கேள்வியின் வேதனையை நாம் இலேசாக எண்ணிவிடக் கூடாது. ஆதாரம் இல்லை என்று கூறும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய தந்தையை நாம் பொய்யர் என்று சொல்வதாக அவர் எண்ணிக்கொள்கிறார். ஆனால் ஹதீஸ் கலை இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றாக்கவில்லை. ‘ளயீஃப்’ வேறு, ‘மவ்ளூஃ’ வேறு. பலவீனமானது என்றால் உறுதிப்படுத்தப் போதிய சான்று நம் கையில் இல்லை என்று பொருள். இட்டுக்கட்டப்பட்டது என்றால்தான் பொய். “உங்கள் அத்தா உண்மையாளர் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. அவர்கள் தாம் கேட்டதைச் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கும் அந்தப் போருக்கும் நடுவே ஏழெட்டுத் தலைமுறைகள் இருக்கின்றன. அவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. பெயர் தெரியாதவர்களுக்காக நாம் உலகத்தின் முன் சாட்சி சொல்ல முடியாது” என்று கூறினோம்.

சற்று நேரம் அமைதியாக இருந்த பெரியவர், “சரிதான்… கோர்ட்டுலகூட அப்படித்தானே கேப்பாங்க” என்றார். தாசில்தார் அலுவலகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர் அவர். வாய்மொழியாக எவ்வளவு சொன்னாலும் பட்டாவைக் கொண்டுவாருங்கள் என்று தாமே ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பதாகக் கூறிச் சிரித்தார்.

அதற்குப் பின் நாம் செய்ததுதான் இந்தக் கட்டுரையில் நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது. அவர் கூறிய குடும்பச் செய்தி முழுவதையும் மாணவர் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தார். கூறியவர் பெயர், வயது, ஊர், தேதி, யாரிடமிருந்து எந்த வயதில் கேட்டார், அப்போது உடன் இருந்தவர்கள் யார் என்பதையும் அவர் வாயாலேயே கூறச் செய்தார். கலைக்களஞ்சியத்தில் இது இடம்பெறாது. ஆனால் இன்றிலிருந்தேனும் அந்தச் செய்திக்கு ஒரு இஸ்னாத் உண்டாகிவிட்டது. பிற்காலத்தில் ஓர் ஆய்வாளர் இத்தகைய நினைவுகளைத் திரட்டி ஒப்பிட்டு நூலாக்கினால், அப்போது அது சான்றாகும் வாய்ப்பும் உண்டு. அச்சேறாத வாய்மொழி அறிவை விக்கிப்பீடியா எவ்வாறு ஏற்கலாம் என்று 2011-இலேயே அச்சல் பிரபாலா என்பவர் கேரளத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்து, அதனைக் குறும்படமாகவும் ஆக்கினார். எழுத்தில்லாத மக்களின் அறிவு அறிவில்லையா என்ற அவருடைய கேள்வி நியாயமானதே. வாய்மொழியை அறிவுக் கலையாக உயர்த்திய சமுதாயம் நம்முடையது. வாய்மொழி என்பதற்காக ஒன்றை நம் முன்னோர் தள்ளிவிடவில்லை. சொன்னவரின் பெயரையும் நிலையையும் கேட்டார்கள், அவ்வளவே.

எழுதும் முறையிலும் ஓர் ஒழுங்கு

முஹபத் கான் மணப்பந்தலை விட்டுச் சென்ற கதையைக் கட்டுரையிலிருந்து முற்றிலும் நீக்கிவிட வேண்டுமா என்று மாணவர் கேட்டார். வேண்டியதில்லை. உறுதியான ஹதீஸை எடுத்துரைக்கும்போது ‘நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்’ என்றும், பலவீனமானதை ‘அறிவிக்கப்படுகிறது’ என்றும் வேறுபடுத்திச் சொல்வது அறிஞர்களின் ஒழுங்கு. இதுவே இங்கும் பொருந்தும். தேசிங்கு 1714-இல் போரில் இறந்தார் என்பதை உறுதியான வாக்கியமாக எழுதலாம். மணப்பந்தல் நிகழ்ச்சியைத் ‘தேசிங்குராஜன் கதைப்பாடல் இவ்வாறு கூறுகிறது’ என்று எழுதலாம். ‘கூறப்படுகிறது’ என்று மொட்டையாக நிறுத்திவிடக் கூடாது, யார் கூறுகிறார் என்பதையும் சேர்க்க வேண்டும். அவ்வாறு எழுதும்போது மக்களின் கதையும் வாழ்கிறது, வரலாறும் காயப்படுவதில்லை.

மாணவர் கட்டுரையைத் திருத்தி எழுதினார். முன்பு நான்கு பக்கங்களாக இருந்தது ஒன்றரைப் பக்கமாயிற்று. ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னும் நூலின் பெயரும் பக்க எண்ணும் நின்றன. அதனைத் தம் நன்னாவிடம் வாசித்துக் காட்டினார். பெரியவர் கடைசி வரை கேட்டுவிட்டு, பக்க எண்கள் சரிதானா என்று மட்டும் கேட்டாராம்.

நம் இல்லங்களில்

கலைக்களஞ்சியம் எழுதுபவர்கள் நம்மில் சிலரே. ஆனால் செய்தியை அனுப்புபவர்கள் நாம் எல்லோரும். ஆகவே பிள்ளைகளுக்கு மேசையில் சோறு வைக்கும் நேரத்திலேனும் சில கேள்விகளைப் பழக்குவோம். இதைச் சொன்னவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்? சொல்வதில் அவருக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா? இதில் வரும் ஆண்டுகளும் ஆட்களும் பொருந்துகின்றனவா? பலர் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பலரும் ஒருவரிடமிருந்தே கேட்டவர்களா? இவற்றை நமக்குப் பிடிக்காத செய்தியிடம் கேட்பதில் சிரமமில்லை, பிடித்த செய்தியிடமும் கேட்கிறோமா என்பதில்தான் நம் நேர்மை வெளிப்படும்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், இந்த வாரமே அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் கேட்டதையும் கண்டதையும் பெயர், ஊர், ஆண்டோடு பதிவுசெய்து வையுங்கள். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துக் கேளுங்கள். அவர்களுக்குப் பின் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

நம் உலமாக்கள் ஃபத்வாவின் முடிவில் ‘வல்லாஹு அஃலம்’ என்று எழுதுவது வெறும் வழக்கத்துக்காக அன்று. நம் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்ளும் அடக்கம் அது. செய்தியை அமானிதமாகக் கருதி, அறிந்ததை அறிந்த அளவுக்கே சொல்லும் பண்பை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.